புது ஜெனரேட்டரைப் புயலுக்கு முன் பழக்குக

சந்தையில் பிடித்து வந்த புதுக்காளையை மறுநாளே சேற்றில் இறக்கிப் பரம்படிக்கும் குடியானவர் ஒருவரும் இலர். முதலில் அது தும்புக்கும் தொழுவுக்கும் பழக வேண்டும். பின்னர் வெறும் நுகத்தடியைச் சுமந்து நடக்க வேண்டும். அதன் பின்பு பழகிய மாட்டுடன் இணைந்து, பதம் வந்த மேட்டு நிலத்தில் மேலோட்டமாக உழ வேண்டும். இவ்வளவும் ஆன பின்னரே அது நடவுக்கால உழவுக்கு உதவும். இது தமிழ்நாட்டுக் குடியானவர் பரம்பரையாக அறிந்த விஷயம்.

ஆயினும் இந்த விவேகம் யந்திர விஷயத்தில் அவ்வளவாகக் காணப்படுவதில்லை. புயல் எச்சரிக்கை வந்த பின்னர் கடைக்கு ஓடிச் சிறு ஜெனரேட்டர் ஒன்றை வாங்குகிறார்கள். பெட்டியைப் பிரித்த அன்றிரவே விளக்கு, விசிறி, குளிர்பெட்டி, தண்ணீர் மோட்டார் ஆகிய யாவற்றையும் அதன் தலையில் ஏற்றுகிறார்கள். யந்திரம் கெடுகிறது, சில சமயங்களில் மனிதரும் மாள்கின்றனர். ஜெனரேட்டர் விலை கொடுத்த அன்றே ஆயத்தமாகும் பொருளன்று. முதல் 20 மணி நேர ஓட்டத்தில் யந்திரமும் அதை வைத்திருக்கும் வீட்டாரும் ஒருங்கே பழகினால்தான் அது ஆபத்துக் காலத்தில் துணையாகும். இவ்வுண்மையைச் சென்னை நகரத்தார் அடுத்தடுத்த இரண்டு வருஷங்களில் பெரும் விலை கொடுத்துக் கற்றனர். கிராமத்தார் அவ்வளவு விலை கொடாமலே அதைக் கற்றுக்கொள்ளலாம்.

சென்னை கற்ற பாடம்

மயிலாப்பூர், தியாகராயநகர், அடையாறு ஆகிய பகுதிகளில் வசிப்போர் மின்சாரக் குறைவை அதிகம் அறியாதவர்கள். 2012-ஆம் வருஷத்து மின் பற்றாக்குறையின்போதுகூட, தலைநகரில் நாள்தோறும் 2 மணி நேரம் மின்சாரம் நிறுத்தப்பட்டபொழுது, மாவட்டங்களில் அதைப்போல் பன்மடங்கு நேரம் நிறுத்தப்பட்டது. ஆகவே, மின்சாரம் நாட்கணக்கில் வாராதிருக்கக் கூடும் என்னும் எண்ணமே நகரத்தாருக்கு இருந்ததில்லை.

2015-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் முதல் தேதி அவ்வெண்ணம் மாறிற்று. அன்று தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் விநாடிக்கு 29,000 கன அடி வரையில் உயர்ந்தது. அடையாறு கரைபுரண்டு சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், அடையாற்றின் தாழ்ந்த தெருக்கள் ஆகியவற்றில் புகுந்தது. விபத்தைத் தவிர்க்கும் பொருட்டு மின்சாரமும் நிறுத்தப்பட்டது. அடுக்குமாடிக் கட்டடங்களின் கீழ்த்தளத்தில் வண்டிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தப்பட்டிருந்த ஜெனரேட்டர்கள் பல, எந்த நாளுக்காக வாங்கப்பட்டனவோ அந்த நாளிலேயே நீரில் மூழ்கின.

அடுத்த வருஷம் டிசம்பர் மாதம் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையை நேராகத் தாக்கிற்று. இம்முறை கெடுதல் நீரினாலன்று, காற்றினால் நேர்ந்தது. ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்து மின்கம்பிகளின்மீது விழுந்தன. சாலைதோறும் நிழல் தந்த மரங்களைப் பெருமையாகக் கொண்டிருந்த அடையாறு, பெசன்ட் நகர்ப் பக்கங்களில் அம்மரங்களே மின்சாரத்துக்குச் சத்துருவாயின. பல தெருக்களில் விளக்கு எரிய நாட்கள் ஆயின. மாடித் தொட்டிக்கு நீரேற்றுவதற்கென்று ஒரு மணி நேரத்துக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடுவோர் கேட்டதே விலையாயிற்று. வருஷக்கணக்கில் மூலையில் கிடந்த சொந்த ஜெனரேட்டரோ, கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் எளிதில் எழுந்திராது. பழைய பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளையை அடைத்துக்கொள்வதே அதன் காரணம்.

இவை பட்டினத்துச் செய்திகள் என்று கிராமத்தார் தள்ளிவிடலாகாது. 2018-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 16-ஆம் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல், காவிரிப் பாசன மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் தரையோடு தரையாயின. நகரங்களுக்குச் சில நாட்களில் மின்சாரம் திரும்பிற்று. உட்கிராமங்கள் பல வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. மேல்நிலைத் தொட்டியில் குடிநீர் ஏற்றுவதற்கு வெளியூரிலிருந்து ஜெனரேட்டர் கொண்டுவர வேண்டியதாயிற்று. சென்னைக்கு நேர்ந்தது கிராமத்துக்கு இன்னும் கடுமையாகவே நேரும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுவதில்லை.

யாருக்கு வேண்டும்

ஜெனரேட்டர் எல்லாருக்கும் வேண்டும் என்று சொல்வதற்கில்லை. நாளொன்றுக்கு ஒரு மணியோ இரண்டு மணியோ மின்சாரம் நின்றால், பாட்டரியுடன் கூடிய இன்வர்ட்டரே போதும். அது சத்தமின்றிப் புகையின்றி வேலை செய்யும். சிறு பெட்ரோல் ஜெனரேட்டரில் ஒரு யூனிட் மின்சாரம் உண்டாக்க முக்கால் லிட்டர் வரையில் பெட்ரோல் செலவாகும். லிட்டர் சுமார் 100 ரூபாய் விற்கும்போது, யூனிட்டுக்கு 60 ரூபாய் முதல் 75 ரூபாய் வரை ஆகிறது. இச்செலவில் தினந்தோறும் விளக்கெரிப்பது புத்திசாலித்தனமன்று.

ஆனால் இரண்டாம் நாள் இன்வர்ட்டரின் பாட்டரி இறங்கிவிடும். மூன்றாம் நாள் குடிதண்ணீருக்குத் தவிப்பு உண்டாகும். அப்பொழுதுதான் ஜெனரேட்டரின் அருமை தெரியும். தண்ணீர் ஏற்றுதல், கோழிக்குஞ்சுகளுக்கு வெப்ப விளக்கு எரித்தல், கால்நடைத் தடுப்பூசி மருந்தை 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிர்ச்சியில் காத்தல், நோயாளி உள்ள வீட்டில் சுவாசக் கருவியை ஓட்டுதல் ஆகிய காரியங்கள் காத்திருக்கமாட்டா. அத்தகைய காரியம் உள்ளவர்களே ஜெனரேட்டர் வாங்கக் கடவர். வாங்கினால், கீழே கூறப்படும் முறைப்படி அதைப் பழக்கவும் கடவர்.

இடம்

முதலில் கவனிக்க வேண்டுவது யந்திரத்தையன்று. அதை வைக்கும் இடத்தை. ஜெனரேட்டரின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் அது இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல் என்று தொடங்கி, உறங்குபவரை உறக்கத்திலேயே கொன்றுவிடும். 2018-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில், சென்னைக் கோயம்பேட்டில் இரவு மின்சாரம் நின்றபோது ஜெனரேட்டரை வீட்டினுள் ஓடவிட்டுத் துயின்ற ஒரு குடும்பத்தார் மூவர் அப்புகையினால் உயிரிழந்தனர். யந்திரத்தில் குறை ஒன்றுமில்லாவிடினும் இவ்விபத்து நேரும். வைத்த இடமே குறை.

மயிலாப்பூரில் கோயில் மாடவீதிகளை ஒட்டிய பழைய வீடுகள் திண்ணை, இரேழி, முற்றம், கூடம், கொல்லை என்று நீளவாட்டில் அமைந்தவை. தெருக்கதவும் கொல்லைக்கதவும் நேருக்கு நேர் இருப்பதால் காற்று வீட்டை ஊடுருவிச் செல்லும். வெயில் நாளில் இதைவிடச் சுகமான வீடு இல்லை. ஆனால் கொல்லையில் ஓடும் ஜெனரேட்டரின் புகையை அதே காற்று கூடத்துக்குக் கொண்டு வந்து சேர்க்கும். தஞ்சை, திருநெல்வேலி கிராமங்களிலுள்ள பழைய வீடுகளுக்கும் இது பொருந்தும். தியாகராயநகரில் ஒரு காலத்தில் கடைவாசல்தோறும் சிறு ஜெனரேட்டர்கள் இரைந்துகொண்டிருந்ததைக் கண்டவர்கள், வாசலில் வைத்தால் தீங்கில்லை என்று நினைப்பதுண்டு. அத்தெருக்களில் கதவு சாத்தி உறங்குவோர் இல்லை, வீட்டில் உண்டு. இதுவே வித்தியாசம்.

ஆகையால், கதவு, ஜன்னல் ஆகியவற்றிலிருந்து 20 அடிக்குக் குறையாத தூரத்தில், புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்புறம் நோக்கும்படி யந்திரத்தை வைக்க வேண்டும். மாட்டுத்தொழுவம், வைக்கோற்போர் ஆகியவற்றின் பக்கமும் கூடாது. மழைக்கு மேலே தகரக் கூரை வேண்டும்; நான்கு பக்கமும் அடைக்கலாகாது. தரை சமமாக இருக்க வேண்டும். 2015-ஆம் வருஷத்து வெள்ளத்தை நினைவிற்கொண்டு, ஊரில் இதுவரை ஏறிய வெள்ளத்தின் உயரத்துக்கு மேல் ஒரு முழமாவது மேடை கட்டுவது அவசியம். அவ்வுயரத்தை ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் சுவரைத் தொட்டுக் காட்டுவார்கள்.

எண்ணெயும் பெட்ரோலும்

புது ஜெனரேட்டர் பெரும்பாலும் எஞ்சின் எண்ணெய் இல்லாமலே பெட்டியில் வருகிறது. இதை அறியாமல் பெட்ரோலை மட்டும் ஊற்றிக் கயிற்றை இழுப்பவர்கள் உளர். எண்ணெய் குறைந்தால் தானே நின்றுவிடும் ஏற்பாடு பல யந்திரங்களில் உண்டாயினும், அதை நம்பிச் சோதனை செய்வது தகாது. சிறு யந்திரங்களுக்கு ஏறக்குறைய அரை லிட்டர் எண்ணெய் பிடிக்கும். சரியான அளவும் எண்ணெயின் தரமும் கூடவரும் கையேட்டில் கண்டிருக்கும். யந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, சிறிது சிறிதாக ஊற்றி, அளவுக்கோலை எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதிகமாக ஊற்றுவதும் குற்றமே. வெண்புகை கிளம்பி ஸ்பார்க் பிளக் நனைந்து போகும்.

பெட்ரோல் விஷயத்தில் மூன்று காரியங்கள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, தூய பாத்திரம்; மண்ணெண்ணெய் இருந்த டப்பாவும் தண்ணீர்ப் பாட்டிலும் உதவா. இரண்டாவது, அளவு; 1934-ஆம் வருஷத்துப் பெட்ரோலியம் சட்டப்படி, விற்பனைக்கல்லாமல் 30 லிட்டர் வரையில் மட்டுமே, உரிய மூடியுள்ள கலங்களில், லைசென்ஸ் இன்றி வைத்திருக்கலாம். மூன்றாவது, சூடான யந்திரத்தில் ஊற்றாமை. நிறுத்திக் கால் மணி நேரம் ஆறவிட்டே ஊற்ற வேண்டும். சைலன்சர்மீது சிந்திய பெட்ரோல் தீப்பற்றுவதற்குத் தீக்குச்சி வேண்டுவதில்லை.

முதல் இருபது மணி நேரம்

இனி, பழக்குதல் என்பது யாது என்பதைக் கூற வேண்டும். பட்டறைக்காரர்கள் இதை ‘ரன்னிங் இன்’ என்பர். புது எஞ்சினின் சிலிண்டர்ச் சுவர் கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினாலும், அதில் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கோடுகள் இருக்கும். அவை எண்ணெயைப் பிடித்துவைப்பதற்கென்றே இழைக்கப்பட்டவை. பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் அச்சுவரோடு உராய்ந்து ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். புதுச்செக்கின் உலக்கை தேய்ந்து குழிக்குப் பொருந்துவது போன்றது இது. பொருந்திய பின்னரே எஞ்சினுக்கு முழுச்சக்தி வரும். எண்ணெயும் வீணே எரியாது.

இப்பொருத்தம் ஏற்படுவதற்கு மிதமான பளு வேண்டும். முதல் நாளே முழுப்பளுவை ஏற்றினால் உராய்வின் சூட்டினால் வளையமும் சுவரும் கீறிப்போகும். அதற்கு நேர்மாறாக, பளு ஒன்றுமின்றி மணிக்கணக்கில் வெறுமனே ஓடவிடுவதும் தவறே. அப்பொழுது வளையங்கள் சுவரை அழுத்தா. எண்ணெய் சுவரில் பளபளப்பான படலமாக ஒட்டிக்கொண்டு, பின் எப்பொழுதுமே பொருத்தம் ஏற்படாமல் செய்துவிடும். புதுமாட்டை முதுகொடிய அடிப்பதும் கட்டுத்தறியிலேயே நிறுத்திக் கொழுக்கவிடுவதும் எவ்வாறு இரண்டும் தவறோ, அவ்வாறே இதுவும்.

கையேடு வேறு விதமாகக் கூறாவிடில், பின்வரும் முறையைக் கைக்கொள்ளலாம். முதல் 5 நிமிஷம் பளுவின்றி ஓடவிட்டு, எண்ணெய்க் கசிவும் அசாதாரணமான ஓசையும் உண்டா என்று கவனிக்க வேண்டும். பிறகு முதல் ஒரு மணி நேரம் விளக்கும் இரண்டொரு விசிறியுமாகக் கால் பங்குப் பளு. நிறுத்தி நன்றாக ஆறவிடவேண்டும். அடுத்த 4 மணி நேரம், ஒரே நாளிலல்லாமல் இரண்டு மூன்று நாட்களில், அரைப்பளு. அதையும் ஒரே அளவில் வையாமல் ஏற்றியும் இறக்கியும் ஓட்டவேண்டும். அதன்பின் 20 மணி நேரம் நிறையும் வரை முக்கால் பங்குக்கு மேற்படாத பளு.

அடுத்தது எண்ணெய் மாற்றுதல். சில உற்பத்தியாளர் முதல் 5 மணி நேரத்துக்குப் பின்பும், வேறு சிலர் 20 மணி நேரத்திலோ முதல் மாத முடிவிலோ முதல் எண்ணெயை மாற்றும்படி கூறுகின்றனர். எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்பொழுதே வடித்துவிட வேண்டும். வடித்த எண்ணெயில் ஒரு துளியை விரல்களுக்கிடையே தேய்த்து வெயிலில் பார்த்தால், சாம்பல் நிறத்தில் மின்னும் உலோகத் தூள் காணப்படும். அது உராய்ந்து பொருந்தியதன் அடையாளம். அதை உள்ளேயே விட்டு வைத்தால், அரத்தூளைக் கலந்து எண்ணெயிட்டது போலாகும். பிற்பாடு 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறையோ, 6 மாதத்துக்கு ஒரு முறையோ மாற்றினால் போதும்.

இக்காலத்து எஞ்சின்கள் நுட்பமாகக் கடைந்து செய்யப்படுவதால் பழக்கம் வேண்டாம் என்று சொல்வோரும் உண்டு. கடைசல் வேலை முன்னிலும் நுட்பமாயிருப்பது உண்மையே. ஆனால் அதே உற்பத்தியாளர்கள்தாம் முதல் எண்ணெயை இத்தனை சீக்கிரத்தில் மாற்றும்படி இன்றும் கையேட்டில் அச்சிட்டுத் தருகின்றனர். இதற்கு ஆகும் செலவும் பெரிதன்று. 20 மணி நேரத்துக்கு 12 முதல் 15 லிட்டர் பெட்ரோல். 1,500 ரூபாய்க்கு மேற்படாது. பல பதினாயிரம் ரூபாய் பெறும் யந்திரத்துக்கு இதை வீண் செலவென்பது, விதை நெல்லைச் சோதித்து முளைக்கவைக்கும் ஒரு பிடியை வீண் என்பது போலாகும்.

மேலும், இந்த 20 மணி நேரத்தில் யந்திரத்தைவிட அதிகமாகப் பழகுவது வீட்டாரே. பெட்ரோல் குழாயைத் திறப்பது, தொட்டி மூடியிலுள்ள காற்றுத் திறப்பை மறவாமல் நீக்குவது, சோக்கை இழுப்பதும் விடுவதும், கயிற்றை முதலில் மெல்ல இழுத்து, எதிர்ப்புத் தோன்றிய இடத்திலிருந்து விசையாக இழுப்பது ஆகிய இவை கேட்டுத் தெரிந்துகொள்ளும் விஷயங்களல்ல. கை பழக வேண்டியவை. வீட்டில் ஒருவர் மட்டும் கற்றால் போதாது. அவர் ஊரிலில்லாத நாளில்தான் புயல் வரும். பெண்டிரும் பிள்ளைகளில் பெரியவர்களும் ஒவ்வொரு முறையாவது தம் கையால் எழுப்பி நிறுத்தியிருக்க வேண்டும். புகை எத்திசையில் செல்கிறது, சத்தம் அண்டை வீட்டாருக்கு எவ்வளவு தொந்தரவு தருகிறது என்பவையும் இந்நாட்களிலேயே தெரியவரும். பகலில், நிதானமாக, கடைக்காரர் தொலைபேசியில் கிடைக்கும் நாளில் தெரிந்துகொள்வது, நள்ளிரவில் கொட்டும் மழையில் தெரிந்துகொள்வதினும் நலம்.

பளுவின் கணக்கு

2 கே.வி.ஏ. என்று எழுதிய யந்திரம் ஏறக்குறைய 1,600 வாட் வரையில் தரும். இதில் எதை ஏற்றலாம் என்பதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சாதாரண விசிறி 75 வாட், எல்.இ.டி. விளக்கு 9 வாட். இவற்றால் தொல்லையில்லை. குளிர்பெட்டி ஓடும்பொழுது 150 வாட் அளவில் எடுத்தாலும், கிளம்பும்பொழுது அதைப்போல் பல மடங்கு எடுக்கும். தண்ணீர் மோட்டாரும் அவ்வாறே. அரைக் குதிரைச்சக்தி மோட்டார் ஓடும்பொழுது 600 வாட் எடுப்பதாயினும், கிளம்பும் அக்கணத்தில் மூன்று முதல் ஐந்து மடங்கு வரை இழுக்கும். ஆகையால் மோட்டாரை முதலில் தனியே கிளப்பி, அது நிதானப்பட்ட பின்னரே மற்றவற்றைச் சேர்க்க வேண்டும். நிறுத்தும்பொழுது எல்லாப் பளுவையும் நீக்கி, இரண்டு மூன்று நிமிஷம் வெறுமனே ஓடவிட்டுச் சூடு தணிந்தபின் நிறுத்துக.

விவசாயிகள் சிறப்பாக ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கிணற்றிலோ ஆழ்குழாயிலோ உள்ள 5 குதிரைச்சக்தி மோட்டார் மும்முனை மின்சாரத்தில் ஓடுவது. வீட்டுக்கான ஒருமுனை ஜெனரேட்டர் அதற்கு எவ்விதத்திலும் உதவாது. அதற்கு வேண்டுவது பல மடங்கு பெரிய டீசல் யந்திரம். பயிருக்கு நீர் இறைக்கலாம் என்னும் ஆசையில் இச்சிறு யந்திரத்தை வாங்குபவர் பின்னர் வருந்துவர். இது குடிநீருக்கும் வெளிச்சத்துக்கும் உரியது; வயலுக்கு உரியதன்று.

வீட்டுக் கம்பியோடு இணைத்தல்

எல்லாவற்றிலும் பெரிய அபாயம் இங்கேதான் உள்ளது. இரண்டு முனையிலும் பிளக் மாட்டிய ஒரு கம்பியைக் கொண்டு, ஜெனரேட்டரைச் சுவரிலுள்ள பிளக் துளையில் சொருகி, வீடு முழுவதும் விளக்கேற்றும் குறுக்குவழி நகரத்திலும் உண்டு, கிராமத்திலும் உண்டு. மெயின் ஸ்விட்சை மூட மறந்தால், அம்மின்சாரம் வீட்டோடு நிற்பதில்லை. தெருக்கம்பி வழியாக டிரான்ஸ்பார்மரை அடைகிறது. 11,000 வோல்ட்டைக் குறைத்து வீடுகளுக்குத் தரும் அதே டிரான்ஸ்பார்மர், தலைகீழாக வேலை செய்து, வீட்டு மின்சாரத்தை 11,000 வோல்ட் அளவுக்கு உயர்த்தி வெளியே அனுப்பிவிடும். அங்கே, மின்சாரம் இல்லை என்று நம்பி, மழையில் நனைந்தபடி, அறுந்த கம்பியைக் கையில் பிடித்திருப்பவர் மின்வாரியத்து ஊழியர். பல வீடுகளுக்கு வெளிச்சம் தரவந்த அவரை, ஒரு வீட்டின் அவசரம் கொன்றுவிடக் கூடும்.

இதைத் தடுப்பதற்குப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டுவதில்லை. சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் ஒன்று போதும். அதன் கைப்பிடியை ஒரு பக்கம் தள்ளினால் தெரு மின்சாரம், மறுபக்கம் தள்ளினால் ஜெனரேட்டர். இரண்டும் ஒருங்கே சேருவதற்கு வழியே இல்லை. லைசென்ஸ் பெற்ற வயர்மேனைக் கொண்டு இதைப் பொருத்தி, யந்திரத்தின் உடலுக்கு எர்த் கம்பியும் இணைக்க வேண்டும். ஸ்விட்ச் பொருத்தும் வரையில், வேண்டிய சாமானை ஜெனரேட்டரிலுள்ள துளையிலேயே நேராகச் சொருகிக்கொள்ளலாம். அதற்குக் கொண்டு செல்லும் நீட்டுக்கம்பி 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்புக் கம்பியாயிருத்தல் நலம். மெல்லிய கம்பி சூடேறும். மோட்டாருக்கும் வோல்ட் குறைந்து சுருள் எரியும்.

ஜெனரேட்டர் விற்கும் கடைக்காரர், சேஞ்ச் ஓவர் ஸ்விட்சையும் சேர்த்தே விற்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தால் தவறில்லை. ஏர் வாங்குபவருக்குக் கொழு இல்லாத ஏரை விற்பவர் உண்டோ?

பழகிய பின்

பழக்கிய காளையையும் வருஷம் முழுவதும் கட்டி வைத்தால் பழக்கம் மறந்துபோகும். மாதத்துக்கு ஒரு நாள், அமாவாசையென்றோ முதல் தேதியென்றோ குறித்துக்கொண்டு, 20 நிமிஷம் பளுவுடன் ஓட்டுவது அவசியம். எத்தனால் கலந்த பெட்ரோலே இன்று எங்கும் விற்கப்படுகிறது. எத்தனாலோ காற்றின் ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது. கடற்காற்று வீசும் மயிலாப்பூர், அடையாறு போன்ற இடங்களிலும், கடலோரக் கிராமங்களிலும் இது சீக்கிரத்தில் கெடுதல் செய்யும். ஆகவே இரண்டு மாதத்துக்கு மேல் ஓட்டாதிருக்க நேர்ந்தால், தொட்டியையும் கார்புரேட்டரையும் வடித்து வைக்க வேண்டும். வைத்திருக்கும் பெட்ரோலையும் இருசக்கர வண்டியில் ஊற்றிச் செலவழித்துவிட்டுப் புதிது வாங்கிக்கொள்ளலாம்.

ஒரு சிறு நோட்டுப்புத்தகம் யந்திரத்தோடு இருக்க வேண்டும். ஓட்டிய தேதி, மணி, ஊற்றிய பெட்ரோல், எண்ணெய் மாற்றிய நாள், ஏற்றிய பளு ஆகியவற்றை அதில் எழுதி வருக. சாகுபடிச் செலவுக்குக் கணக்கு எழுதும் கைக்கு இது பாரமாகாது.

கிராமங்களின் கடமை

ஊராட்சித் தலைவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் இதில் செய்யத்தக்கது அதிகம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஜெனரேட்டர் என்பது தேவையுமன்று, சாத்தியமுமன்று. தெருவுக்கு ஒன்று, அல்லது பத்து வீட்டுக்கு ஒன்று என்று பொதுவில் வாங்கி, பொறுப்பாளர் இருவரைக் குறித்து, சாவியும் நோட்டுப்புத்தகமும் அவர்களிடம் ஒப்புவிப்பதே சிக்கனம். மேல்நிலைத் தொட்டியின் மோட்டார் எத்தனை குதிரைச்சக்தி, ஒருமுனையா மும்முனையா, அதற்கேற்ற ஜெனரேட்டர் யாரிடம் உள்ளது என்னும் விவரம் கிராமக் கணக்கில் எழுதியிருக்க வேண்டும். அந்த மோட்டாருக்குச் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இப்பொழுதே பொருத்தப்பட்டிருந்தால், வெளியூர் ஜெனரேட்டர் வந்து இறங்கிய அரைமணி நேரத்தில் குடிநீர் ஏறும். இல்லாவிடில் வயர்மேனைத் தேடுவதிலேயே ஒரு நாள் கழியும்.

காலமும் குறித்துச் சொல்லத்தக்கதே. வடகிழக்குப் பருவமழை சாதாரணமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில், அதாவது ஐப்பசித் தொடக்கத்தில், இறங்குகிறது. ஆகவே ஆடியில் வாங்குக; ஆவணியில் 20 மணி நேரமும் ஓட்டிப் பழக்குக; புரட்டாசியில் எண்ணெய் மாற்றி, ஸ்விட்சும் எர்த்தும் சரிபார்த்து, கிராமத்தார் முன்னிலையில் ஒரு முறை தொட்டிக்கு நீரேற்றிக் காட்டுக. வாய்க்கால் தூர்வாருவதும் ஏரிக்கரை பலப்படுத்துவதும் எவ்வாறு மழைக்கு முன் முடியவேண்டிய வேலைகளோ, அவ்வரிசையில் இதையும் சேர்த்துக்கொள்வது தகும்.

சென்னையில் இருண்ட தெருக்களிலும் பணமும் யந்திரமும் உடையவர் இருந்தனர். அவர்களிற் பலருக்கு இல்லாதது ஆயத்தமே. தம் மக்களைச் சென்னையில் படிப்பிலும் உத்தியோகத்திலும் வைத்துள்ள நிலக்கிழார் பலர், அங்கே மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ ஒரு ஜெனரேட்டர் இருப்பதை அறிவர். அடுத்த முறை அவ்வீட்டுக்குப் போகும்பொழுது, அது கடைசியாக எப்பொழுது ஓடிற்று, எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, எவ்வாறு இணைக்கப்பட்டிருக்கிறது என்னும் மூன்று கேள்விகளைக் கேட்பார்களாக. திரும்பி வந்தபின் அதே மூன்று கேள்விகளைத் தம் ஊரிலும் கேட்பார்களாக.